போன வருஷத்துத் தண்ணீர்

வெள்ளிமடை ஏரி அந்த ஐப்பசியிலிருந்து போன வருஷத்தைக் காட்டத் தொடங்கியது. முதலில் பார்த்தவள் டீக்கடை குழந்தைவேலுவின் மனைவி. கேரட் மூட்டையை அவிழ்த்துக் கழுவுவதற்காகக் குனிந்தவளுக்குத் தண்ணீரில் தன் முகம் தெரியவில்லை, ஆடி மாதம் செத்துப்போன அவர்களுடைய செவலைப் பசு கரையில் நின்று அசைபோடுவது தெரிந்தது, நிமிர்ந்து கரையைப் பார்த்தாள், அங்கே பசு இல்லை, மறுபடி குனிந்தாள், பசு வாலைச் சுழற்றி ஈ ஓட்டியது. அவள் வீட்டுக்காரனைக் கூப்பிட்டு, "செவலை நிக்குது பாருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு மிச்சக் கேரட்டைக் கழுவி முடித்தாள். சந்தைக்கு லாரி வந்து நின்றால் யாருக்காகவும் காத்திருக்காது.

ஊர் என்ன செய்யும்? இரண்டு நாள் பேசியது, மூன்றாம் நாள் பழகிக்கொண்டது. ஏரியைக் கண்ணாடியாக வைத்துச் சவரம் செய்துகொண்டிருந்த ஆண்கள் கன்னத்தைக் கிழித்துக்கொண்ட பிறகு ஆளுக்கொரு கண்ணாடி வாங்கினார்கள். போன வருஷம் பட்டப்பகலில் மலைப்பூண்டு மூட்டையைத் தூக்கிப் போனவன் யார் என்பது இந்த வருஷம் பட்டப்பகலில் தெரிந்துபோய் இரண்டு குடும்பங்கள் மண்டையை உடைத்துக்கொள்ள, ஊர்க்கூட்டம் கூடி, பூண்டு, வேலி, பெண்விஷயம் மூன்றுக்கும் ஏரியின் சாட்சி செல்லாது என்று முடிவு செய்தது. கரையில் யாரோ ஒரு போர்டு நட்டார்கள், தண்ணீரில் தெரிகிறவர்களைக் கூப்பிடக் கூடாது என்று. கீழேயிருந்து புதுசாகக் கல்யாணமானவர்கள் வந்து பட்டுச்சேலையும் வேட்டியுமாக நின்று, அடுத்த வருஷம் வந்து தங்களையே பார்த்துக்கொள்ளலாம் என்று சிரித்துக்கொண்டு போனார்கள், அவர்களில் எந்த ஜோடி சேர்ந்து திரும்பி வராது என்று டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் முகத்தைப் பார்த்தே சொன்னார்கள். போனில் படம் பிடித்தால் வெறும் தண்ணீர்தான் விழுந்தது. அதனால் கார்த்திகை பாதிக்குள் வெளியூர்க் கூட்டமும் வடிந்துவிட்டது.

மேட்டுத்தெரு செல்லாண்டிக்கு மட்டும் அது பழகவில்லை. அவர் மனைவி பேச்சியம்மாள் போன கார்த்திகை வரை தினமும் காலை பத்து மணிக்கு அந்தத் துறையில் துணி துவைத்தவள். மனுஷர் தினமும் பத்து மணிக்கு வந்து உட்கார்ந்து, கிழங்குக்கு விலை இல்லாததையும் மருமகள் உப்பு அதிகம் போடுவதையும் தண்ணீருக்குள் குனிந்து அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தார், அவள் பாட்டுக்குத் துவைத்துக்கொண்டிருந்தாள். அவள் செத்த நாள் நெருங்க நெருங்க ஊரே அவரைப் பார்ப்பதைத் தவிர்த்தது. ஒருநாள் பத்து மணிக்கு அவள் வரவில்லை. செல்லாண்டி பதினொன்று வரை உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்துபோனார், அதன் பிறகு குளிக்கக்கூட அந்தப் பக்கம் வருவதில்லை. ஏரி எந்த நாளையும் ஒருமுறைக்கு மேல் காட்டவில்லை.

இந்தச் சேதி மலையிறங்கி, சமவெளியெல்லாம் கடந்து, தென்காசியில் கீழப்புலியூர் பக்கம் குடியிருந்த ஆவுடையப்பனுக்கு வந்து சேர்ந்தபோது தீபாவளி முடிந்திருந்தது. செய்தித்தாளில் நான்கு வரி. படித்துவிட்டு அவர் தாளை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார், பிறகு அடுக்களைக்குப் போய், "பிரமு, அந்த ஏரி போன வருஷத்தைக் காட்டுதாம்" என்றார். பிரமு அம்மாள் அரிசி களைந்துகொண்டிருந்தவள், "அப்ப நம்ம பிள்ளை தெரிவான்" என்று சொல்லிவிட்டுக் களைந்த நீரை ஊற்றினாள். அதிசயம் நடக்க முடியுமா முடியாதா என்று அந்த வீட்டில் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, ஒரு வருஷமாக நடக்க முடியாததோடுதான் அவர்கள் குடித்தனம் செய்துகொண்டிருந்தார்கள்.

அவர்களுடைய ஒரே மகன் குற்றாலிங்கம், மதுரையில் வேலை பார்த்தவன், இருபத்தாறு வயது, போன மார்கழி ஆறாம் தேதி வெள்ளிக்கிழமை யாரிடமும் சொல்லாமல் பைக்கை எடுத்துக்கொண்டு மலையேறி, கொடைக்கானலும் தாண்டி, வெள்ளிமடை ஏரிக்கரைக்குப் போனான். மறுநாள் அங்கே பைக் மட்டும் நின்றது. கண்ணாடியில் ஹெல்மெட் தொங்கியது, அதில் உறைபனி படிந்திருந்தது. தண்ணீரில் ஆள் இறக்கித் தேடினார்கள், காட்டில் தேடினார்கள், பத்தொன்பது நாள் தேடினார்கள், பிணமும் கிடைக்கவில்லை ஆளும் கிடைக்கவில்லை. விழுந்தானா, இறங்கினானா, அக்கரை வழியாக எங்காவது நடந்து போய்விட்டானா என்று சொல்ல ஒரு ஜீவன் இல்லை. அன்றைக்குப் பார்த்து உறைபனியில் கிழங்குச் செடி கருகிப்போய் ஊர் முழுக்க வயற்காட்டில் கிடந்தது. பிரமு அம்மாள், நடந்து போய்விட்டான் என்றாள். ஆவுடையப்பன் ஒன்றும் சொல்லவில்லை.

அவர் சொல்லாததற்கு ஒரு காரணம் இருந்தது, அதைப் பிற்பாடு பார்ப்போம். முதலில் ஆவுடையப்பனைத் தெரிந்துகொள்ள வேண்டும். முப்பத்துநாலு வருஷம் தபால் ஆபீசில் முத்திரை குத்தியவர். தினமும் காலையில் முத்திரைக் கட்டையில் தேதியை மாற்றுவது அவர் கை, அது ஒருநாளும் தப்பியதில்லை. ஆனால் அந்தத் தேதியெல்லாம் கடுதாசிக்குத்தான். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினால் ஆபீஸ் தேதியும் அதோடு தொங்கிவிடும், அதற்கு மேல் பஞ்சாங்கம்தான். தெருவில் யாருக்குத் திதி எப்போது வருகிறது, எத்தனை மணிக்கு அமாவாசை பிடிக்கிறது, எந்தத் திசையில் சூலம் என்று கேட்டால் புத்தகத்தைத் திறக்காமல் சொல்லுவார். சாகிறவர்கள்கூட அவரைக் கேட்டுத்தான் சாகிறார்கள் என்று எதிர்வீட்டுக்காரர் கேலி செய்வதுண்டு. அவருக்கு உள்ளுக்குள் அதில் பெருமைதான்.

அவர் ஒரு போஸ்ட் கார்டு எழுதினார். வெள்ளிமடை ஏரிக்கரை டீக்கடைக்காரருக்கு, போன வருஷம் தேடிய நாட்களில் கடையின் பின்னால் தங்க இடம் கொடுத்த புண்ணியவானுக்கு: எங்கள் மகனுக்கு வருஷம் திரும்பும் நாளில் நானும் வீட்டிலும் வருகிறோம், கரையில் கூட்டம் சேராமல் பார்த்துக்கொள்ளவும். எழுதிவிட்டு நாளைக் கணக்குப் போட்டார். மகன் காணாமல்போன அன்று என்ன திதி, அந்தத் திதி இந்த மார்கழியில் என்றைக்கு வருகிறது. இருபத்தைந்தாம் தேதி, வியாழக்கிழமை. பிரமு அம்மாள் திதி என்ற சொல்லை அந்த வீட்டுக்குள் சொல்லவிடமாட்டாள், ஆனால் அவர் சொன்ன நாளை அவளும் கேள்வி கேட்கவில்லை. அவர் சொன்ன நாளை முப்பது வருஷமாக யாரும் கேள்வி கேட்டதில்லை.

புதன்கிழமை விடியலில் கிளம்பினார்கள். புதன் வடக்கே சூலம், போவதும் வடக்கே, அதனால் வாசலில் நின்று ஆளுக்கு அரை டம்ளர் பால் குடித்தார்கள், டிரைவர் மாசானத்துக்கும் கொடுத்தார்கள். மாசானம் அந்தத் தெருவின் எல்லாக் கல்யாணத்துக்கும் எல்லாச் சாவுக்கும் வேன் ஓட்டுகிறவன், நாற்பது வயசு, வாய் ஓயாதவன், அன்று மட்டும் எதைப் பேசுவது என்று தெரியாமல் வந்தான். பிரமு அம்மாள் மடியில் ஒரு துணிப்பை, அதில் மகனுடைய நீல ஸ்வெட்டர். ஆவுடையப்பன் காலடியில் ஒரு பை, அதில் மேலே சால்வை, சால்வைக்கு அடியில் எள்ளும் தர்ப்பையும். தண்ணீர் காட்டுவதைக் காட்டட்டும், பிறகு தேவைப்படும் என்று அவளுக்குத் தெரியாமல் வைத்திருந்தார்.

ராஜபாளையம் தாண்டியதும் ரோட்டோரம் ஒரு கண்மாய், மழைநீர் தளும்பிக் கிடந்தது. "மாசானம், ஒரு நிமிஷம் நிறுத்து" என்றாள் பிரமு அம்மாள். இறங்கிப் போய்க் கரையில் குனிந்து பார்த்தாள், தன் முகமும் காலை வெயிலும் ஒரு கொக்கும் தெரிந்தன, திரும்பி வந்து ஏறிக்கொண்டாள். உசிலம்பட்டிக்கு முன்னால் ஒரு குளம், அங்கேயும் இறங்கினாள். வத்தலக்குண்டு தாண்டி மலை தொடங்கியதும் வளைவுக்கு வளைவு குளிர் ஏறியது, சன்னல் கண்ணாடியில் மூச்சு படிந்தது, கீழே மஞ்சளாறு அணை ஒரு தட்டில் ஊற்றிய நீர்போலக் கிடந்தது, அவ்வளவு உயரத்திலிருந்தும் அவள் நிறுத்தச் சொல்லிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து பார்த்தாள். "எல்லாத் தண்ணியும் காட்டாதும்மா, அந்த ஏரி மட்டுந்தான் காட்டுமாம்" என்றான் மாசானம். "எனக்குத் தெரியும்டே. பழகிக்கிட்டு இருக்கேன்" என்றாள் அவள். அதற்குப் பிறகு அவன் தண்ணீரைக் கண்ட இடத்தில் சொல்லாமலே நிறுத்தினான்.

அருவி விழும் இடத்தில் குரங்குகள் குளிரில் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. கொடைக்கானலில் குல்லா போட்ட கூட்டம் சைக்கிள் ஓட்டியது, குதிரை ஏறியது, சோளக்கதிர் தின்றது, நட்சத்திர ஏரியில் படகு மிதித்தது. இத்தனை பேர் சந்தோஷமாக இருப்பது ஆவுடையப்பனுக்குக் கோபமாக வந்தது. அன்று அங்கே ஒரு சின்ன விடுதியில் தங்கினார்கள். காலையில் புல்லெல்லாம் வெளுத்து நொறுங்கியது, வேனின் கண்ணாடியில் படிந்திருந்த பனியை மாசானம் வெந்நீர் ஊற்றிக் கரைத்தான். வியாழக்கிழமை ஆறிலிருந்து ஏழரை எமகண்டம், அது கழிந்து ஏழு முப்பத்தைந்துக்குப் புறப்பட்டார்கள். மதியம் ஒன்றரைக்கு ராகு காலம் தொடங்கும், அதற்குள் திரும்பக் கிளம்பிவிட வேண்டும் என்று ஆவுடையப்பன் இரண்டு தடவை சொன்னார்.

பைன் மரங்களும் யூக்கலிப்டஸும் முடிந்து படிப்படியாகப் பூண்டு வயல்கள் தொடங்கின. பள்ளத்தாக்கில் மேகம் தேங்கிக் கிடந்தது, அதற்கு மேலே மலைமுகடுகள் வெயிலில் நின்றன, எங்கோ யாரோ சருகு கொளுத்திய புகை நேராக எழுந்தது. அவ்வளவு அழகைப் பார்க்க அவர்களுக்குப் பயமாக இருந்தது. பிள்ளை இதே வளைவுகளில்தான் வண்டியைச் சாய்த்திருப்பான், இதே குளிரில்தான் கை விறைத்திருக்கும், கையுறை வைத்திருந்தானோ இல்லையோ என்று பிரமு அம்மாள் சொல்லிக்கொண்டே வந்தாள். ஆவுடையப்பன் கண்ணை மூடிக்கொண்டு வந்தார்.

அவர் மறைத்தது இதுதான். அந்த வெள்ளிக்கிழமை காலை பத்து நாற்பதுக்கு அவன் அவரைப் போனில் கூப்பிட்டான். "அப்பா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றான். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்த அவர், "ராகு காலம்லா. எதுவானாலும் பன்னெண்டு மணிக்கு மேல பேசு" என்று வைத்துவிட்டார். நல்ல விஷயமாக இருந்து கெட்டுப்போய்விடக் கூடாதே என்றுதான் வைத்தார். பன்னிரண்டு மணிக்குப் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், அது அடிக்கவில்லை, நாமே கூப்பிடலாமா என்று ஒருகணம் தோன்றியது, பெற்றவன் வலியப் போய்க் கேட்பதா என்று சாப்பிட உட்கார்ந்துவிட்டார். நாலு மணிக்கு அவர் கூப்பிட்டபோது அணைத்து வைக்கப்பட்டிருப்பதாகச் சொன்னது. போலீஸ்காரர் அவரைத் தனியே அழைத்து, கடைசி அழைப்பு உங்களுக்குத்தான், என்ன பேசினான் என்று கேட்டார், ஒன்றும் பேசவில்லை என்று சொன்னார். பிரமு அம்மாளிடம் இன்றுவரை சொல்லவில்லை. தினமும் சொல்ல நினைத்தார், தினமும் ஏதோ ஒரு வேளை சரியில்லாமல் போயிற்று.

பத்தரைக்கு ஏரி தெரிந்தது. மூன்று பக்கம் மலை, ஒரு பக்கம் மண்கரை, காற்றில்லாத தண்ணீர். கரையில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் தண்ணீரைப் பார்த்தபடி கிடந்தன, இருக்கைகளில் பனி விழுந்து விழுந்து சருகு ஒட்டிக் காய்ந்திருந்தது. "பாத்தியளா, நமக்குத்தான் போட்டிருக்காரு" என்றாள் பிரமு அம்மாள். அவர் சால்வையால் துடைத்துவிட்டார், உட்கார்ந்தார்கள். மேலே வானம் பளிச்சென்று நீலமாக இருந்தது, தண்ணீருக்குள் வானம் கறுத்து மூடியிருந்தது.

தண்ணீரில் ஒரு பெண் கரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பச்சைச் சேலை, அதன்மேல் யாரோ கொடுத்த பழைய கோட்டு, தலை வாரவில்லை. பிரமு அம்மாள் முன்னால் சாய்ந்து பார்த்தாள், யாரோ அனுபவிக்கும் துக்கத்தைப் பார்த்ததுபோல "ஐயோ பாவம்" என்றாள், பிறகுதான் அந்தப் பச்சைச் சேலையை அடையாளம் கண்டாள். "என்னங்க, நாந்தான் அது" என்றாள். அந்தப் பெண்ணுக்குப் பின்னால் ஓர் ஆள் கையில் ஒரு தாளோடு வந்து நின்றார். தேடுவதை நிறுத்திக்கொள்ளச் சம்மதம் என்று எழுதியிருந்த தாள் அது, அதில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்த தன்னையே ஆவுடையப்பன் பார்த்தார்.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கட்டைவிரலால் விரல் வரைகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார், ஆறிலிருந்து இருபத்தைந்து, பத்தொன்பது. ஏரிக்கு என்ன தெரியும் திதி? அது சூரியனைப் பார்த்துக் கிடக்கும் தண்ணீர், மலைமேல் வெயில் போன வருஷம் எந்த இடத்தில் விழுந்ததோ அந்த இடத்தில் விழுந்தால் அந்த நாளைக் காட்டிவிட்டுப் போகிறது. ஆறாம் தேதி காட்டியிருக்கும். தெருவுக்கெல்லாம் நாள் பார்த்துச் சொன்னவர் தன் பிள்ளையைப் பார்க்க வேண்டிய நாளில் தென்காசியில் உட்கார்ந்து யாருக்கோ ஏகாதசி எப்போது என்று சொல்லிக்கொண்டிருந்தார். நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டார்.

குழந்தைவேலு இரண்டு கிளாஸ் டீயோடு கரையில் இறங்கி வந்தான். "என்னய்யா, இப்ப வந்து நிக்கிறீங்க?" என்றான். "ஆறாந்தேதி வருவீங்கன்னுல்ல நாற்காலி எடுத்துப் போட்டு வச்சிருந்தேன். காலையில ஏழு மணியிலருந்து ஒருத்தரையும் கிட்ட விடல. நீங்க வரவே இல்ல. போன் நம்பரும் எங்கிட்ட இல்ல. சரி, எப்பவாச்சும் வருவாங்கன்னு நாற்காலிய அப்படியே விட்டுட்டேன்."

"நாள் தப்பிட்டு" என்றார் ஆவுடையப்பன்.

பிரமு அம்மாள் எழுந்து நின்றாள். "தம்பி, நீங்க பாத்தீங்களா? எம்பிள்ளையைப் பாத்தீங்களா?"

"பாத்தேம்மா. நீங்க இல்லாட்டியும் யாராச்சும் பாக்கணும்ல." அவன் டீயை நாற்காலிக் கையில் வைத்தான். "பத்து மணி போல பைக்கை நிறுத்துனாப்ல. ஹெல்மெட்டக் கழட்டி மாட்டுனாப்ல. கொஞ்ச நேரம் மலையப் பாத்துட்டு நின்னாப்ல. அப்பறம் யாருக்கோ போன் போட்டாப்ல, ரெண்டு வார்த்தைதான், வச்சிட்டாப்ல. அதுக்கப்பறம் போனைப் பாத்துக்கிட்டே நின்னாரும்மா. உக்காருவாரு, எந்திரிப்பாரு, போனைப் பாப்பாரு. பன்னெண்டு மணியாச்சு. அப்ப திடீர்னு போனைக் காதுல வைக்கிறாரு, எடுக்கிறாரு, வைக்கிறாரு, இங்க டவர் வரும் போகும்ல, கைய ஒசத்திப் புடிச்சுக்கிட்டு அந்த மேட்டுக்கு ஏறுனாரு, எறங்கி வந்தாரு. சிரிச்ச மாதிரிகூட இருந்துச்சு."

"அப்புறம்?"

"ஐயப்பமாருங்க பஸ் ஒண்ணு வந்து நின்னுச்சும்மா. அம்பது பேரு, குளிர்ல வெறைச்சுப்போய் டீ, டீன்னு கத்துறாங்க. கடையில அவ மட்டுந்தான். சரி, ஒரு ஈடு ஊத்திட்டு ஓடியாந்துருவோம்னு போனேன்." அவன் தலையைக் குனிந்துகொண்டான். "வந்து பாக்கையில பைக்தான் நின்னுச்சு. அன்னைக்கி முழுக்க நின்னுச்சு."

அவனைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. மூன்று மாதமாகத் தினமும் அதிசயம் நடக்கும் ஊரில் ஒருவன் கடையை விட்டுவிட்டு எவ்வளவு நேரம்தான் அதிசயத்தைப் பார்ப்பான்? அந்த அரைமணி நேரம் ஏரியில் தெரிந்து, பார்க்க ஆளில்லாமல், கரைந்துபோயிற்று.

தண்ணீருக்குள், பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கையில், தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்த அந்த ஆள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். போன வருஷம் அன்று புதன்கிழமை, பன்னிரண்டுக்கு ராகு காலம். அதற்குள் கிளம்பிவிட வேண்டும் என்று பச்சைச் சேலைக்காரியின் கையைப் பிடித்து எழுப்பினார், அவள் வரமாட்டேன் என்று புல்லைப் பிடித்துக்கொண்டாள், அவர் புல்லிலிருந்து அவள் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்தார். இழுத்துக்கொண்டு நடந்தார். அவள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனாள். பிறகு தண்ணீரில் மனுஷர் யாரும் இல்லை.

ஆவுடையப்பன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார், பிரமு அம்மாள் பார்க்கவில்லை. அவள் முகத்தில் ஒரு வருஷமாக இல்லாத ரத்தம் ஓடியது. நீல ஸ்வெட்டரைப் பையிலிருந்து எடுத்து மடியில் வைத்துத் தடவிக்கொண்டே பேச ஆரம்பித்தாள். "கேட்டியளா? யாருகிட்டயோ பேசியிருக்காம்லா! பேசிட்டுக் காத்துக்கிட்டு நின்னிருக்கான். சாகப் போறவன் எதுக்குங்க காத்துக்கிட்டு நிக்கான்? யாரோ வாரேன்னு சொல்லியிருக்காவ. வந்து கூட்டிட்டுப் போயிருக்காவ. சிரிச்சாம்னு சொல்லுதாருல்லா!"

"பிரமு..."

"ஒரு பிள்ளையா இருக்கும். நாம ஒத்துக்கிட மாட்டோம்னு சொல்லாமப் போயிட்டானோ என்னவோ. இருக்கட்டும், எந்தச் சாதிப் பிள்ளையா இருந்தா என்ன? அந்த ஆளு யாருன்னு மட்டும் தெரிஞ்சாப் போதும். போலீஸ்ல கேட்டாச் சொல்லுவாவல்லா, யாருக்குப் பேசினாம்னு? ஏன் இத்தன நாளு கேக்கல நாம? ஊருக்குப் போனதும் கேளுங்க. அந்த ஆளைக் கண்டுபிடிச்சா எம்பிள்ளை கிடைச்சிருவான்."

இப்படியே ஒரு மணி நேரத்துக்கு மேல் அவள் பேசினாள், அந்தப் பெண்ணுக்கு ஒரு ஊர் வைத்தாள், ஒரு நிறம் வைத்தாள், இந்நேரம் ஒரு குழந்தைகூடப் பிறந்திருக்கும் என்றாள், குழந்தைக்குக் குளிரில் சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்ளத் தெரியுமோ தெரியாதோ என்று கவலைப்பட்டாள். குழந்தைவேலு கொண்டுவந்த சோற்றை இருவரும் தொடவில்லை. ஆவுடையப்பனுக்கு அப்படியே விட்டுவிடலாம் என்றுதான் இருந்தது. அவள் அந்தப் பெண்ணைத் தேடிக்கொண்டே மிச்ச ஆயுளைக் கழிக்கட்டும், நமக்கென்ன போயிற்று என்று ஒரு கோழை மனசு அவருக்குள் சொல்லியது. ஆனால் பன்னிரண்டு மணி அடித்ததும் போனை உயரத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறியவன் அவர் கண்ணை விட்டுப் போகவில்லை. அவர் சொன்ன நேரத்துக்கு, சொன்னபடி, ஒரு நிமிஷம் முந்தாமல் அவன் அவரைக் கூப்பிட்டிருக்கிறான். அப்படி ஒரு நல்ல பிள்ளையை அவர் பெற்றிருந்தார்.

வேனிலிருந்து மாசானம் குரல் கொடுத்தான். "ஐயா, ஒண்ணரைக்கு முன்னால எடுத்துரணும்னு சொன்னிய. மணி ஒண்ணு இருபத்தஞ்சு."

"பிரமு" என்றார் ஆவுடையப்பன். "அது யாருன்னு எனக்குத் தெரியும்."

அவள் ஸ்வெட்டரைத் தடவிய கை நின்றது.

"நாந்தான். என்னைத்தான் கூப்பிட்டான்."

அவள் அவரையே பார்த்தாள். "என்ன சொன்னான்?" என்றாள்.

"ஒண்ணு சொல்லணும்னான். நான் கேக்கல. ராகு காலம், பன்னெண்டு மணிக்கு மேல பேசுன்னு சொல்லி வச்சிட்டேன்."

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தார், அடித்தால்கூடத் தேவலை என்று எதிர்பார்த்தார். அவள் எழுந்தாள். அந்த ஸ்வெட்டரை மடித்தாள், கை இரண்டையும் உள்ளே வைத்து, கழுத்தைச் சரிசெய்து, கடையில் மடிப்பதுபோல மடித்துப் பைக்குள் வைத்தாள். நாற்காலியைத் தூக்காமல் ஒரு கையால் இழுத்துக்கொண்டு போனாள், அதன் கால்கள் மண்ணில் இரண்டு கோடு கிழித்தன, பத்தடி தள்ளி அதைப் போட்டு, மலையைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தாள். அவருக்கு அவள் முதுகு மட்டும் தெரிந்தது.

"பிரமு, நான் என்ன சொல்ல வாரேன்னா..."

"மணி என்ன?" என்றாள் அவள், திரும்பாமல்.

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஒண்ணரை."

"ராகு காலம் வந்துட்டு. எதுவானாலும் மூணு மணிக்கு மேல பேசுங்க."

மேலே வெயில் காய்ந்தது, தண்ணீருக்குள் போன வருஷத்து மழை பெய்யத் தொடங்கியது, சத்தமில்லாமல், ஒரு துளிகூடத் தண்ணீரைத் தொடாமல். அடுத்த வருஷம் இதே நாளில் இந்த ஏரி ஒரு கிழவரையும், தள்ளி ஒரு நாற்காலியையும், அதில் ஒரு முதுகையும் காட்டும், யாராவது கேரட் கழுவ வந்தவர்கள் பார்த்துவிட்டுப் போவார்கள். மூன்று மணிக்கு மேல் சொல்வதற்கு அவரிடம் எதுவும் இல்லை. இருந்தாலும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒன்று முப்பத்திரண்டு ஆகியிருந்தது.